பட்டில் ஓர் ஊசிப் புள்ளி

முன்னொரு காலத்தில் பவளத்துறை நாட்டை வீரமாறன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவனா, கெட்டவனா என்று கேட்காதீர்கள். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

அவனுடைய ஒரே மகன் கப்பலோடு மூழ்கினான். மாலுமி காரிவேலனும் போனான். பிழைத்து வந்தது ஒரு துடுப்புக்காரன் மட்டும்.

"என் பிள்ளை எங்கே கிடக்கிறான்? இடத்தைக் காட்டுங்கள்!" என்று ராஜா அலறினான்.

அரசவைப் படக்காரர் சிங்கராயர் பட்டில் வரைந்த கடல் படத்தை விரித்தார். அந்தப் படத்தை நம்பித்தான் கப்பலே போனது. தெற்கு மூலையில் ஒரு முத்தை வைத்தார். "இங்கே, பிரபு. மாலுமி வழி தவறித் தெற்கே ஓட்டிவிட்டான்."

ராஜா முத்துக்குப் பூப் போட்டான். "அந்தத் துரோகிக்கு யாரும் எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கூடாது" என்று உத்தரவும் போட்டான்.

காரிவேலன் பெண்டாட்டி மாசாத்திக்கு அழுகை அப்போதுதான் நின்றது. சபைக்கு நடந்தாள். கையில், துடுப்புக்காரன் கொண்டுவந்து கொடுத்த முடிச்சுக் கயிறு.

"படக்காரரே, இந்தப் பட்டில் ஒரு விரல் அகலம் எத்தனை காதம்?"

"பத்துக் காதம். உனக்கெதற்கு?"

"முத்தும் ஒரு விரல் அகலம் இருக்கிறதே. இளவரசர் பத்துக் காதத்துக்கா படுத்திருக்கிறார்?"

எவனோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். ராஜா சிரிக்கவில்லை.

"கப்பல் போக வேண்டிய நேர் கிழக்கே, ஆறாம் நாள் வழியில் என்ன இருக்கிறது?" என்றாள் மாசாத்தி.

"வெறும் தண்ணீர்! குருடன்கூட ஓட்டுவான். உன் புருஷன்தான் வழியை விட்டு விலகினான்."

மாசாத்தி கயிற்றை நீட்டினாள். "மகாராஜா, மாலுமி இதைப் பல்லில் கடித்து, முனையில் ஒரு பலகையைப் பிடித்து, துருவ நட்சத்திரத்தின் உயரம் பார்ப்பான். தெற்கே போனால் நட்சத்திரம் இறங்கும். வடக்கே போனால் ஏறும். ஒவ்வோர் உயரத்துக்கும் ஒரு முடிச்சு. இது நம் துறைமுக முடிச்சு. இது கப்பல் உடைந்தபோது போட்டது."

முடிச்சு மேல் முடிச்சு. இரண்டுக்கும் நடுவில் நகம் நுழையாது. கப்பல் தெற்கே விலகவே இல்லை.

"வீட்டில் உட்கார்ந்து யாரும் முடிச்சுப் போடலாம்!" என்று சீறினார் சிங்கராயர்.

"நான் பாத்தேன் சாமி," என்றான் அவள் பின்னாலேயே வந்திருந்த துடுப்புக்காரன். "ஆறாம் நாளு, விடியறதுக்கு முன்னே பாறையில இடிச்சது. தண்ணி இடுப்பு மட்டும் வந்தாச்சு. அப்பவும் முடிச்சுப் போட்டாரு."

"இதை ஏன்டா சொல்லவில்லை?" என்றான் ராஜா.

"என்னை யாரும் கேக்கலையே."

மாசாத்தி சொன்னாள்: "கயிறு வடக்கு தெற்கைச் சொல்லும். நாள் கணக்கு கிழக்கு மேற்கைச் சொல்லும். இரண்டும் வெட்டுகிற இடத்தில் பாறை. படத்தில் வெறும் நீலம்."

ராஜா சிங்கராயர் பக்கம் திரும்பினான்.

"ஆழம் பார்க்கிற ஈயக் குண்டையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு கப்பலேறு," என்றான். "அந்தப் பாறையை வரையாமல் கரையை மிதிக்காதே." பிறகு மாசாத்தியிடம் மெல்ல, "உனக்கு என்ன வேண்டும் தாயே?"

"அவருக்கு ஒரு கை எள்ளுத் தண்ணீர்."

"இறைத்துக்கொள்."

அவள் முத்தை எடுத்துப்போட்டாள். ஊசியால் பட்டில் ஒரு குத்து. "இடம் இவ்வளவுதான். இரண்டு பேருக்கும்."

"அந்த இடத்துக் கடல் தண்ணீருக்கும் மற்ற தண்ணீருக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டான் ராஜா.

"ஒன்றுமில்லை, மகாராஜா. அதனால்தான் முடிச்சுப் போட்டார்."

ராஜா புள்ளி மேல் விரலை வைத்தான். புள்ளி மறைந்துவிட்டது. சபை கலைந்தது. அவன் விரலை எடுக்கவில்லை.

மாசாத்தி நின்றுகொண்டே இருந்தாள். அவளும் ஒரு தடவை விரல் வைக்க வேண்டியிருந்தது.