ஓர் ஆளும் நுழையக் கூடாது

முன்னொரு காலத்தில், கண்ணுகளா, ஒரு ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் தன் படைக்கு வீரர் வேண்டும்! "வீட்டுக்கு ஓர் ஆள் வரலாம்" என்று பறை அறையச் சொன்னார்.

ஆற்றுப் பக்கத்திலிருந்து ஆண்கள் வந்து குவிந்தார்கள், உழவு முடிந்து சும்மா இருந்தவர்கள். அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு நடவு வேலை தலைக்கு மேல் கிடந்தது, ஒருத்தியும் வரவில்லை. மலைப் பக்கத்திலிருந்து வந்ததோ ஐம்பது பேர். அத்தனை பேரும் பெண்கள்! அங்கே ஆண்கள் ஆடு ஓட்டிக்கொண்டு எட்டு மாதம் வெளியே போய்விடுவார்கள். தினைக்காட்டில் யானை இறங்காமல் கவண் சுழற்றிக் காப்பது பெண்கள்தான்.

மலையில் பறை அறைந்து வந்தவன் அரசவை விகடகவி சாத்தன். அவன்மேல் படைத்தலைவர் மாறவேளுக்கு வெகுநாள் எரிச்சல்.

"அரசே! ஆள் கேட்டால் இவன் பெண்களை அழைத்து வந்திருக்கிறான். பெண் ஒருநாளும் ஆள் ஆக மாட்டாள்!"

"அதை ஓலையில் எழுதி முத்திரை இட்டுத் தாருங்கள், தலைவரே. இவர்களுக்குப் படித்துக் காட்டுகிறேன்" என்றான் சாத்தன் பணிவாக. மாறவேள் பெருமையோடு எழுதித் தந்தார்.

அந்தப் பெண்களுக்குத் தலைவி பூதாயி. அவள் கேட்டாள், "ஏன் சாமி, உங்க ஊரு யானை ஆம்பள வர்ற வரைக்கும் காத்துக் கெடக்குமோ?"

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "சாத்தா! நாளை உச்சிப் பொழுதுக்குள் இவர்கள் கோட்டைக்குள் புகுந்து என் கொடியைக் கொண்டு வரட்டும். காவலர் ஒருவருக்கும் காயம் படக் கூடாது. முடிந்தால் படையில் இடம். முடியாவிட்டால் இவர்களோடு நீயும் மலையேறு!"

மாறவேள் காவலருக்குக் கட்டளையிட்டார். "ஓர் ஆளும் நுழையக் கூடாது. விட்டால் தலை போகும்!"

மறுநாள் ஐம்பது பேரும் கோட்டை வாசலுக்கே நேராக நடந்தார்கள். காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"நில்லுங்க! ஓர் ஆளையும் விடக் கூடாதுன்னு உத்தரவு."

"நாங்க ஆளா?" என்றாள் பூதாயி.

"பின்ன, ஆடா?"

சாத்தன் ஓலையை நீட்டினான். "சத்தமாப் படியும்."

"பெண்... ஒருநாளும்... ஆள் ஆக மாட்டாள். ஐயையோ, தலைவர் முத்திரையாச்சே!"

"இவங்க ஆள்தான்னா இப்பவே படையில சேர்த்துக்கணும். ஆள் இல்லேன்னா வழிய விடும்!" என்றான் சாத்தன்.

காவலன் ஈட்டியைத் தாழ்த்தினான். மாறவேள் ஓடி வந்தார். "தடு!" என்று கத்த வாயைத் திறந்தார். ஓலையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். பூதாயி கவணைச் சுழற்றினாள். ஒரே கல்! கயிறு அறுந்து கொடி அவள் தோளில் வந்து விழுந்தது. அதை அப்படியே ராஜாவிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"மாறவேளே, உமது ஓலை என் கோட்டையையே திறந்துவிட்டதே!" என்று ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "இனி நீரே இவர்களை ஆள் ஆளாக எண்ணிப் படையில் சேர்த்துக்கொள்ளும்!"

மாறவேள் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார். "ஓர் ஆள்... இரண்டு ஆள்... ஐம்பது ஆள்."

"ஐம்பத்தொண்ணு சாமி" என்றாள் பூதாயி, சாத்தனைக் காட்டி. "பாவம், இவரும் ஆளுதானே!"

ராஜா சிரித்த சிரிப்பில் கழுத்து முத்துமாலை குலுங்கியது. அதைக் கழற்றிச் சாத்தன் கழுத்தில் போட்டார். அன்று முதல் அந்தக் கோட்டை வாசலில், கண்ணுகளா, காவலுக்கு நின்றவள் பூதாயி. அவளைத் தாண்டி நிஜமாகவே ஓர் ஆளும் நுழையவில்லை.