பதினெட்டுக் கெளுத்தி

“எங்கே என் மீன்கள்?”

ராஜா போட்ட சத்தத்தில், வாசலில் நின்ற காவலர்களில் ஒருவன் ஈட்டியைக் கைநழுவ விட்டான். அது கல்தரையில் விழுந்து கணகணவென்று உருண்டது.

எந்த நாடு, எந்த ராஜா என்று கேட்காதீர்கள். நம் பாட்டன்களுக்கும் பாட்டன்கள் பிறக்காத காலத்துக் கதை இது. அந்த ராஜாவின் கீழ் மூன்று சிற்றரசர்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு ஆறு, ஆண்டு முழுக்கத் தண்ணீர்ச் சண்டை. ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. ஒவ்வொருவரும் தத்தம் ஆற்றிலிருந்து ஆறு சின்னக் கெளுத்தி மீன்களை அனுப்ப வேண்டும் என்று ஓலை விட்டார். வரிக் கெளுத்தி ஆறு, புள்ளிக் கெளுத்தி ஆறு, மணல் கெளுத்தி ஆறு வந்து சேர்ந்தன. கடல் தாண்டி வந்த வணிகன் ஒருவன் கொடுத்த கண்ணாடித் தொட்டியில் பதினெட்டையும் ஒன்றாக விட்டார்.

“மூன்று ஆற்று மீனும் ஒரே தொட்டியில் வாழ்வதைப் பௌர்ணமியன்று அந்த மூவரும் வந்து பார்க்கட்டும். வெட்கம் வரும்” என்று சபையில் சொல்லிச் சிரித்தார்.

பௌர்ணமிக்கு இன்னும் நான்கே நாள். தொட்டியில் மணல் தெரிந்தது, உடைந்த பானை ஓடுகள் தெரிந்தன, பாசி தெரிந்தது. மீன் ஒன்றுகூடத் தெரியவில்லை. ராஜா வந்து பார்ப்பது இது நான்காவது முறை.

“நான் அன்றே சொன்னேன் பிரபு” என்றார் பிரதானி விருபாட்சர். “மூன்று சாதி மீனை ஒன்றாக விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மிச்சமிருந்ததை இவன் குழம்பு வைத்திருப்பான்.”

இவன் என்றது தொட்டிக் காவலன் சடையாண்டியை. ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவன். விகடகவி அம்பலவாணன் பேச்சை நம்பித்தான் ராஜா அவனை வேலைக்கு வைத்திருந்தார். இப்போது அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான்.

“தண்ணீரை இறைத்துவிட்டு எண்ணிப் பார்த்துவிடலாமே?” என்றார் விருபாட்சர்.

அம்பலவாணன் அவசரமாக முன்னே வந்தான். இறைத்தால் இருக்கிற மீனும் செத்துவிடும். செத்தால் சடையாண்டியின் தலை போகும்.

“மகாராஜா, மூன்று நாள் அவகாசம் தாருங்கள். பதினெட்டையும் தங்கள் கண்ணில் காட்டுகிறேன். காட்டாவிட்டால் இவன் தலையோடு என் தலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை தண்ணீரை இறைக்கிறேன் என்று இந்த மண்டபத்துக்குள் யாரும் காலடி வைக்கக் கூடாதென்று கட்டளையிட வேண்டும்.”

விருபாட்சர் முந்திக்கொண்டார். “அருமையான யோசனை! ஆனால் விகடகவி புதுமீன் வாங்கி உள்ளே கடத்திவிடக் கூடாது பாருங்கள். தீனி போடும் காவலன் தவிர வேறு யார் நுழைந்தாலும், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், மரண தண்டனை என்று எழுதுங்கள் பிரபு. இந்தக் காவலனையும் போக வர நன்றாகச் சோதிக்கட்டும்.”

அப்படியே எழுதி, முத்திரை குத்தி, கதவில் ஒட்டினார்கள்.

அன்று சாயங்காலம் அம்பலவாணன் மண்டப வாசலிலேயே சடையாண்டியைப் பிடித்துக்கொண்டான்.

“உண்மையைச் சொல்லப்பா. மீன் இருக்கிறதா?”

“ஐயோ சாமி, பதினெட்டும் குத்துக்கல்லாட்டம் இருக்கு! ஆத்து மணலைச் சலிச்சுப் போட்டிருக்கேன். கூரான கல்லு கெடந்தா மீசை தேஞ்சு போயிரும் பாருங்க. தீனியும் அடியில போய் விழுந்தாத்தான் அதுங்களுக்கு வயித்துல சேரும். புழுவ நறுக்கி நறுக்கிப் போடுறேன்.”

“ஒன்றை ஒன்று கடிக்காதா?”

“சேச்சே! திங்கிறப்ப எல்லாம் ஒண்ணா மேயும். படுக்கிறப்ப அதது தன் கூட்டத்தோட ஓட்டுக்கடியில போயிரும். தனியா ஒத்தைய விட்டாத்தான் ஏங்கிச் சாகும். அதான் ஆறாறு. ஆனா பயந்தாங்கொள்ளிங்க சாமி. கொம்புச் சத்தம் கேட்டா ஓட்டுக்குள்ள பூந்துக்கிடும். அடங்கி ஒரு நாழிகை ஆகணும், மூஞ்சியக் காட்ட.”

அம்பலவாணன் தலையில் கைவைத்தான். அந்த அரண்மனையில் ராஜா ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போனாலும் முன்னால் இரண்டு கொம்பு ஊத வேண்டும், ஒரு முரசு அதிர வேண்டும், கட்டியக்காரன் பட்டப்பெயர்களை முழங்க வேண்டும். ஏழு தலைமுறை வழக்கம். ‘உங்கள் மரியாதைதான் மீனை விரட்டுகிறது’ என்று ராஜாவிடம் யார் சொல்வது? சொன்னால் அதற்கொரு தண்டனை.

மூன்று நாளும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. விருபாட்சர் எதிரே வந்தபோதெல்லாம் அவன் கழுத்தையே பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் பொழுது சாயும் வேளை. கொம்பு ஊதியது. முரசு அதிர்ந்தது. “சொன்ன சொல் மாறாத சூரியர்! இட்ட கட்டளை மீறாத இந்திரர்! பராக், பராக்!” என்று கட்டியக்காரன் தொண்டை கிழிய முழங்கினான். ராஜா மண்டப வாசலுக்கு வந்தார்.

அம்பலவாணன் கதவுக்குக் குறுக்கே நின்றான்.

“விலகு.”

“மன்னிக்க வேண்டும். உள்ளே போனால் மரண தண்டனை.”

“எனக்கா?”

“எவ்வளவு பெரியவராக இருந்தாலும் என்று எழுதியிருக்கிறது. பிரதானியார் சொன்ன வாசகம். தங்களைவிடப் பெரியவர் இந்த நாட்டில் யார் மகாராஜா?”

ராஜாவின் முகம் சிவந்தது. “கட்டளையை இப்போதே ரத்து செய்கிறேன்!”

“தாராளமாக. ஆனால் ‘சொன்ன சொல் மாறாத சூரியர்’ என்று இப்போதுதான் ஊருக்கே கேட்கச் சொன்னார்கள்.”

ராஜாவின் கை உடைவாள் பிடியில் இருந்தது.

“காலடி வைக்கத்தான் தடை, பார்க்கத் தடையில்லை” என்று அம்பலவாணன் அவசரமாகச் சொன்னான். “பக்கச் சந்தில் ஒரு சாளரம் இருக்கிறது. சந்து ஒடுக்கமானது, பரிவாரம் நுழையாது. கிரீடமும் இடிக்கும். ஒரு நாழிகை பொறுத்துப் பாருங்கள். பிறகு என் தலை தங்களுடையது.”

ராஜா கிரீடத்தைக் கழற்றி வாசல் காவலன் கையில் கொடுத்தார். பரிவாரத்தை வெளிமுற்றத்துக்கு அனுப்பிவிட்டுச் சந்துக்குள் நுழைந்து, சாளரத்தில் முகத்தை வைத்தார். பக்கத்தில் அம்பலவாணன் சுவரோடு ஒட்டி நின்றான்.

மணல். ஓடு. பாசி. அவ்வளவுதான். சடையாண்டி தொட்டி ஓரத்தில் புழுவைப் போட்டுவிட்டு மூலையில் குத்துக்காலிட்டான். நேரம் நகர்ந்தது. ராஜா ஒரு முறை திரும்பி முறைத்தார்.

ஓட்டுக்கடியிலிருந்து ஒரு மீசை எட்டிப் பார்த்தது.

பிறகு இரண்டு. பிறகு வரிபோட்ட முதுகு ஒன்று. மணலை முகர்ந்துகொண்டே ஆறும் வந்தன. புள்ளிக் கெளுத்திகள் பின்னால் வந்தன. மணல் கெளுத்திகள் இவ்வளவு நேரமும் வெளியேதான் கிடந்தன போலும்; மணலே எழுந்து நடந்த மாதிரி இருந்தது. ஒரே இடத்தில் முட்டி மோதிப் புழுவைத் தேடின. கடியில்லை, விரட்டலில்லை.

“பதினாறு… பதினேழு…” ராஜா உதட்டுக்குள் எண்ணினார். “பதினெட்டு!”

அந்த நேரம் பார்த்து, வெளிமுற்றத்தில் விருபாட்சருக்குப் பொறுமை போனது. “நாழிகை ஆகிவிட்டது, ஊதுங்கள்!” என்றார். கொம்பு பிளிறியது.

கண்ணிமைப்பதற்குள் தொட்டி காலி. மணல், ஓடு, பாசி.

“எந்த மடையன் ஊதியது?” என்று கத்திய ராஜா, சட்டென்று நிறுத்தினார். தொட்டியைப் பார்த்தார். முற்றத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணன் கழுத்தில் போட்டார். பௌர்ணமியன்று சிற்றரசர்களும் இதே சந்தில் ஒவ்வொருவராக நின்று பார்ப்பார்கள் என்றும், மீன் மண்டபத்தின் பக்கம் இனிக் கொம்பே கூடாதென்றும், மீறி யாரும் ஊதாதபடி பிரதானியார்தான் இரவு பகலாகக் காவல் நிற்க வேண்டும் என்றும் சொன்னார். பின்பு சடையாண்டியை வெளியே கூப்பிட்டார்.

“காரணம் உனக்கு முதலிலிருந்தே தெரியும். தலை போகும் நிலையிலும் என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

சடையாண்டி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து நின்றான்.

“சொல்லத்தான் மூணு தடவ வந்தேன் மகாராசா. மூணு தடவையும் கொம்பு ஊதிட்டாங்க. நானும் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்.”