ஒரே பொத்தானில் கல்யாணப் பத்திரிகை

மூளையை வீட்டிலேயே பத்திரமாகப் பூட்டிவைத்துவிட்டு வேலைக்கு வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கொட்டாரங்குளத்தில் அப்படி மூன்று பேர் சேர்ந்து அச்சகமே நடத்தினார்கள். முதலாளி சடையப்பன், கூட்டாளிகள் பூவலிங்கம், திருமேனி. கல்யாணப் பத்திரிகை அடிப்பது தொழில்.

கம்ப்யூட்டர் விற்றவர், "காப்பி எடுக்க கண்ட்ரோல், சி ரெண்டையும் ஒரே நேரத்துல அழுத்தணும்" என்று சொல்லியிருந்தார். ஆகவே கண்ட்ரோலுக்குச் சடையப்பன் பொறுப்பு, முதலாளி அல்லவா! சி-க்குப் பூவலிங்கம். "ம், அழுத்து" என்று சொல்வது திருமேனி. பூவலிங்கம் டீ குடிக்கப் போனால் ஊரில் ஒரு கல்யாணமும் நகராது.

விற்றவர் மறுபடி வந்தபோது இந்த அழகைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மேக்ரோன்னு ஒண்ணு இருக்குங்க. ரெக்கார்டை அழுத்திட்டு ஒரு பத்திரிகை அடிங்க. அப்புறம் ஒரே பொத்தான், அத்தனையும் அதுவே செய்யும். ரெக்கார்டு ஓடும்போது வேண்டாதது எதுவும் செய்யாதீங்க."

மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். திருமேனி தும்மிவிட்டார்.

"போச்சு! இனி ஒவ்வொரு பத்திரிகைக்கும் கம்ப்யூட்டர் தும்மும்வே. ஒத்தத் தும்மல் ஆகாதே!" என்றார் சடையப்பன்.

"ரெட்டையாக்கிட்டா நல்ல சகுனம்" என்று பூவலிங்கம் திருமேனியின் மூக்கில் பொடியைத் திணித்தார். பொடி டப்பா காலி. மேக்ரோ தயார். அதில் ஏறிய மாப்பிள்ளை பெயர் முத்துச்சரவணன்.

அடுத்து ஆவுடையப்பன் தன் மகள் கோமதியின் கல்யாணத்துக்குப் பத்திரிகை கேட்டு வந்தார். அவர் எதிரிலேயே நின்றதால், மரியாதைக்காகப் பெண் பெயரை மட்டும் கையால் அடித்தார்கள். மாப்பிள்ளையை மேக்ரோ பார்த்துக்கொண்டது. பாவம் மனுஷன், படித்துக்கூடப் பார்க்காமல் ஊரெல்லாம் கொடுத்துவிட்டு, மறுநாள் ஓடிவந்தார்.

"பாவிகளா! எவன் பேரையோ போட்டிருக்கியளே! சம்பந்தி கல்யாணமே வேண்டாம்னு நிக்காரு. எம்மவ அழுது உயிரை விடுதா!"

மூவரும் ஆழ்ந்து யோசித்தார்கள்.

"பேரை மாத்தணும்னா மேக்ரோவை மாத்தணும். பொடி வேற தீந்துபோச்சு" என்றார் திருமேனி.

"அதுக்கு மாப்பிள்ளையை மாத்திரலாமே?" என்றார் பூவலிங்கம்.

"முத்துச்சரவணனுக்குத்தான் போன வாரமே கல்யாணம் ஆயிட்டே!" என்றார் திருமேனி.

"அனுபவம் உள்ள மாப்பிள்ளைன்னு சொல்லுவோம்."

ஆவுடையப்பன் செருப்பைக் கழற்றினார். சட்டென்று சடையப்பன் முகம் மலர்ந்தது.

"கண்ட்ரோலும் இசட்டும் அழுத்தினா செஞ்சது செய்யாததா ஆயிரும்னு கம்ப்யூட்டர் வித்தவரு சொன்னாருல்லா! அழுத்துவே!"

அழுத்தினார்கள். திருமேனி ஓடிப்போய்க் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்துவைத்தார்.

"அண்ணாச்சி, வாசலை மறைக்காம இங்கன உக்காருங்க" என்றார் சடையப்பன். "உள்ளூர்ல கொடுத்த பத்திரிகையெல்லாம் இப்பத் திரும்பி வந்துரும். தூத்துக்குடிக்குத் தபால்ல போனதுக்குத்தான் சாயங்காலம் ஆகும்."