வாசலில் ஒரு கேள்வி

ஆற்றங்கரையில் தையல்நாயகி அம்மை ஒரு வைத்தியசாலை நடத்திவந்தார். சித்த வைத்தியம் கற்ற துறவி. அவருடைய சீடர் குழந்தைவேலு அம்மையைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அரிசி ஆலையில் மேலாளராக இருந்து, போதும் என்று விட்டு வந்தவர். ஆலையை விட்டாரே தவிர, அந்தக் கண்டிப்பை விடவில்லை.

அந்த வருஷம் மழை ஓய்ந்ததும் ஊரெங்கும் காய்ச்சல். விடிந்தால் வாசலில் கூட்டம்.

"அம்மா, ஒன்று கேட்கலாமா?" என்றார் குழந்தைவேலு.

"கேளுங்கள் ஐயா."

"பாதிப் பேர்தான் ஏதாவது கொடுத்து மருந்து வாங்குகிறார்கள். மற்றவர்கள் வெறுங்கையோடு வருகிறார்கள். எல்லோருக்கும் கொடுத்தால் இருக்கிற மருந்து இரண்டு வாரம்கூடத் தாங்காது."

"நிலவேம்பு பறித்துக் காய்ச்சலாமே?"

"நாம் பறிப்பதைவிட வேகமாக நோய் வருகிறது அம்மா. கொடுக்க முடிந்தவர்களுக்கு மட்டும் என்று வைத்தால் வைத்தியசாலையாவது பிழைக்கும்."

அம்மை கொஞ்சம் யோசித்தார்.

"நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாளைக்கு வாசலில் நீங்களே இருங்கள். உங்களுக்குச் சரியென்று பட்டவரை உள்ளே அனுப்புங்கள்."

மறுநாள் குழந்தைவேலு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். வந்தவர்களிடம் ஒரே கேள்விதான்: "உங்களால் என்ன தர முடியும்?"

ஜவுளிக்கடைக்காரர் உள்ளே போனார். இரண்டு மீனவர்கள் திரும்பிப் போனார்கள். செங்கல் சூளையில் வேலை செய்யும் பெண்ணொருத்தி மகளைத் தோளில் சாய்த்தபடி நின்றாள்.

"இப்ப ஒண்ணும் இல்லீங்க."

"அடுத்த வாரம் வா, பார்க்கலாம்."

அவள் சண்டை போடவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அதுதான் அவருக்கு என்னவோ போலிருந்தது.

உச்சிப்பொழுதில் நாலு பேர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"படித்துறையில கெடந்தாரு. யாருன்னு தெரியல!"

முக்காலி உருண்டது. குழந்தைவேலு அந்த மனிதரின் தலையைத் தாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அம்மை நாடி பார்த்தார். குழந்தைவேலு ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. வெயில் தாழும் நேரத்தில் அந்த மனிதர் கண் திறந்து, கஞ்சி கிடைக்குமா என்று கேட்டார்.

குழந்தைவேலுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அம்மா, கஞ்சி கேட்கிறார்!"

"நல்லது. இவரால் என்ன தர முடியும் என்று கேட்டீர்களா?"

"எப்படிக் கேட்பது? நினைவில்லாமல் அல்லவா கிடந்தார்!"

"காலையில் வந்தவர்களிடம்?"

"அவர்கள் தெளிவாக இருந்தார்கள். கேட்டேன், இல்லை என்றார்கள். அனுப்பிவிட்டேன்."

அம்மை கஞ்சியை ஆற்றி அந்த மனிதரின் கையில் கொடுத்தார். பிறகு திரும்பினார்.

"அப்படியானால், நினைவோடு வந்ததுதான் அவர்கள் செய்த தப்பா ஐயா?"

குழந்தைவேலு மருந்துச் செம்பை எடுத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே சூளைக்குப் போகும் பாதையில் இறங்கி நடந்தார்.