முருங்கைக்கு வந்த பயம்

அந்தக் காலத்தில் மரங்களெல்லாம் வாய் திறந்து பேசின. அதனால் அதிகம் அவதிப்பட்டவன் கொப்பு வெட்டுகிற வெயிலுமுத்துதான். மற்றவர்கள் நிழலில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்து போய்விடலாம். இவன் அரிவாளோடு மேலே ஏறுகிறவன். ஏறினதுமே பஞ்சாயத்து தொடங்கிவிடும்.

"அந்தக் கொப்பைத் தொடாதே, காக்கா முட்டை போட்டிருக்கு" என்று வேம்பு தடுக்கும். புளியமரம், "வெட்டுறதுதான் வெட்டுறே, ரெண்டு பக்கமும் சமமா வரட்டும். கிழக்கே கொஞ்சம் தூக்கலா இருக்கு பாரு" என்று சொல்லிச் சொல்லியே பொழுது சாயும்வரை அவனை இறங்க விடாது. ஆலமரத்துக்கோ எது கிளை, எது விழுது என்பதே மறந்துபோயிருக்கும். வெயிலுமுத்து எல்லாரையும் சமாளித்தான். நல்ல வார்த்தை சொல்லுவான், வெட்டிய இடத்தில் சாணியை அப்புவான், தட்டிக்கொடுத்துவிட்டு இறங்குவான். அவனுக்கு மசியாதது முருங்கை ஒன்றுதான்.

அன்றைய முருங்கை கருங்காலியைவிடக் கெட்டி, பனையைவிட உயரம். ஆனால் அதைப் போன்ற பயந்தாங்கொள்ளி ஊரில் இல்லை. வெயிலுமுத்து தெருமுனையில் திரும்பும்போதே, "ஐயோ, கொல்ல வாரானே! கேக்க நாதியில்லையா?" என்று ஊரைக் கூட்டிவிடும். அடுப்பில் உலையை விட்டுவிட்டு ஓடிவந்த பெண்கள் அவனைத்தான் ஏசுவார்கள். ஆகவே முருங்கையை யாரும் தொட்டதில்லை. காயெல்லாம் எட்டாத உச்சியில் காய்த்து, அங்கேயே முற்றி, நெற்றாகிக் கலகலத்தது.

அந்த முருங்கை நின்றது ஆவுடைத்தங்கத்தின் வீட்டுக் கொல்லையில். ஒரு ஆடி மாதம், அம்மியைப் பறக்கடிக்கிற காற்று. ஆவுடைத்தங்கம் தலைவிரிகோலமாக வெயிலுமுத்துவிடம் ஓடிவந்தாள்.

"அண்ணே, முருங்கை கூரைமேல சாயுது. வேர்ப்பக்கம் மண்ணு வெடிச்சுக் கிடக்கு. என் மக பிள்ளை பெத்து மூணு நாளாகுது. பச்சை உடம்புக்காரியை இந்தக் காத்துல எங்கே கூட்டிட்டுப் போவேன்?"

வெயிலுமுத்து அரிவாளை முதுகில் செருகி, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு போனான்.

"ஏலே, முதுகுல என்ன?" என்றது முருங்கை.

"முதுகுதான்."

"எதுக்கு ஏறுதே?"

"சும்மா, காத்து வாங்க."

"ஆடி மாசத்துல மரத்துமேல ஏறியா காத்து வாங்குவாக?"

அதற்குள் அவன் பாதி மரம் ஏறியிருந்தான். அந்த நேரம் பார்த்து காற்று துண்டைப் பறித்துக்கொண்டு போயிற்று. அரிவாளைக் கண்டதும் முருங்கை வீறிட்டு, இரண்டு கொப்புகளால் அவன் இடுப்பை வளைத்து இறுக்கியது. இறுக்கிய இறுக்கில் அரிவாள் நழுவித் தரையில் விழுந்தது.

"வெட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணு. விட்டுடுதேன்."

சத்தியம் செய்துவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். விலா எலும்பெல்லாம் வலித்தது. ஆனால் கீழே கூரைக்குள் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. வெயிலுமுத்து பல்லைக் கடித்துக்கொண்டான்.

"பண்ண மாட்டேன். இந்தத் தலைப்பாரத்தைக் குறைக்கலேன்னா நீ வீட்டுமேலதான் விழுவே. உள்ளே பிள்ளை கிடக்கு."

"எனக்கு வலிக்குமே!"

"கொப்பு போனா துளிர்க்கும். வேர் போனா நீ விறகு."

"விறகா?" முருங்கை அதுவரை அந்தத் திசையில் யோசித்ததே இல்லை.

அடுத்த காற்றில் அடியில் இரண்டு வேர்கள் அறுந்தன. மரம் கூரையை நோக்கி ஒரு முழம் இறங்கியது.

"ஏலே வெட்டு! சீக்கிரம் வெட்டு!"

"எதை வச்சு? அரிவாள் கீழே கிடக்கு. என்னை விடு, எடுத்துட்டு வாரேன்."

"அதுவரைக்கும் தாங்காதே! அதோட, அந்த அரிவாள் முகத்துல என்னால முழிக்க முடியாது. நானே ஒடிச்சுக்கிடுதேன்!"

கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்து, உடம்பிலிருந்த கெட்டித்தனத்தையெல்லாம் முருங்கை ஒரேயடியாக உதறிவிட்டது. படக். ஒரு கொப்பு. படக், படக். மளமளவென்று நாலு பக்கமும் உதிர்ந்தன.

"நான் உக்காந்திருக்கிற கொப்பு வேண்டாம்!" என்று கத்தினான் வெயிலுமுத்து. "இதை மட்டும் விட்டுட்டு மத்ததை..."

படக்.

வெயிலுமுத்து கொப்போடு எருக்குழியில் போய் விழுந்தான். ஒன்றிரண்டு கிளைகள் கூரையில் விழுந்து ஓலையைக் கலைத்தன, அவ்வளவுதான். பாரம் இறங்கிய மரம் மொட்டைத் தலையோடு நிமிர்ந்து நின்றது. ஆவுடைத்தங்கத்தின் மகள் பிள்ளையை மார்போடு அணைத்தபடி வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"வலிக்கவே இல்லையே!" என்றது முருங்கை, ஆச்சரியமாக.

"எனக்கு வலிக்குது" என்றான் வெயிலுமுத்து, எருக்குழியிலிருந்து.

மழை பெய்தது. ஒடிந்த இடமெல்லாம், அடிமரத்திலும்கூடத் துளிர்த்தது. பிள்ளை பெற்ற மகளுக்குத் தரையில் நின்றபடியே கீரை பறித்துப் பொரியல் செய்து போட்டாள் ஆவுடைத்தங்கம். பின்னாலேயே காய்கள் கைக்கெட்டும் உயரத்தில் சரம்சரமாகத் தொங்கின. ஆனால் உதறிய கெட்டித்தனத்தைத் திரும்பக் கூட்டிக்கொள்ள முருங்கைக்கு வழி தெரியவில்லை. பெரிதாகத் தேடவும் இல்லை.

அன்று முதல்தான் முருங்கை தொட்டால் ஒடிகிற மரமாகவும், ஒடிக்க ஒடிக்கத் தழைக்கிற மரமாகவும் ஆனது. எப்பேர்ப்பட்ட கொப்புவெட்டியாக இருந்தாலும் சரி, முருங்கை என்றால் மட்டும் ஏறாமல், தரையில் நின்று தொரட்டியை நீட்டுவதும் அன்று முதல்தான்.