சுருதி சேர்த்த வெள்ளிக்காசு

கீழப்பொட்டலில் யாரும் யாரையும் முட்டாள் என்று திட்டியது கிடையாது. அப்படித் திட்ட வேண்டுமானால் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு புத்திசாலி வேண்டும். அந்த வசதி அந்த ஊரில் இல்லை.

ஊருக்கென்று ஒரு பேண்டு செட் இருந்தது. மொத்தம் நாலு பேர். கிளாரினெட் வாசிக்கும் அருளப்பன்தான் தலைவர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். டிரம்பெட் ஊதுவது சவரிமுத்து. ஜால்ரா தட்டுவது ஒச்சப்பன். மாஸ்டர் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுவதும் அவன்தான். நாலாவது ஆள் குழந்தைவேலு, பெரிய டிரம் அடிப்பவன். தெருமுனையில் திரும்பினால் முதலில் டிரம் வரும், கொஞ்சம் பொறுத்து அவன் வருவான்.

ஐப்பசியில் அந்த டிரம் பஸ் கூரையிலிருந்து விழுந்தது. தோல் கிழிந்தது, வளையம் நசுங்கியது. அன்றோடு குழந்தைவேலுவின் வருமானமும் நின்றது. கருவி இல்லாதவனுக்குப் பங்கு இல்லை என்பது பேண்டு செட் வழக்கம். மாசிக் கடைசியில் அரிசி மில் முதலாளி வீட்டுக் கல்யாணம் வேறு வர இருந்தது. பெரிய டிரம் இல்லாமல் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

நாலு பேரும் மூன்று மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு புது டிரம்முக்கான பணத்தைச் சேர்த்தார்கள். தை மாதம் ஒரு திங்கட்கிழமை டவுனுக்குப் பஸ் ஏறினார்கள். குழந்தைவேலு புதுச் சட்டை போட்டு, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி எண்ணெய் வைத்துத் தலை சீவியிருந்தான்.

வாத்தியக் கடைக்கு இரண்டு கடை முன்னால் ஒரு வெள்ளிக்கடை இருந்தது. அதன் வாசலில் ஏகப்பட்ட கூட்டம். என்ன விசேஷம் என்று மாஸ்டர் விசாரித்தார். வெள்ளி விலை ஏறிக்கொண்டே போகிறது, இன்றைக்கு வாங்கிப் போட்டால் அடுத்த மாதம் ஒன்றரை மடங்குக்கு விற்கலாம் என்று வரிசையில் நின்ற ஒருவர் சொன்னார். மாஸ்டர் மூன்று பேரையும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு ஒரு டிரம். மாசியில ஒண்ணரை டிரம்," என்றார்.

"அரை டிரம்மை வச்சு என்ன பண்றது மாஸ்டர்?" என்று சவரிமுத்து கேட்டான்.

மாஸ்டர் கண்ணை மூடி யோசித்தார். "சின்னக் கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போகலாம்."

ஒச்சப்பன் ஆமாம் என்றான். குழந்தைவேலு மட்டும் வாத்தியக் கடைக் கண்ணாடிக்குள் தொங்கிய சிவப்பு டிரம்மைப் பார்த்தபடியே நின்றான். தனக்கு ஒன்றே போதும் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். அரை டிரம்மை எங்கே வைப்பது என்ற பேச்சு அதற்குள் தொடங்கிவிட்டதால் அது யார் காதிலும் விழவில்லை.

இருபது கிராம் வெள்ளி நாணயம் ஐந்து வாங்கினார்கள். ஒவ்வொன்றும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்து இருந்தது. கடைக்காரர் மூக்குக் கண்ணாடி போட்ட பொறுமைசாலி. மூன்று விஷயம் சொன்னார். சீலைப் பிரிக்கக் கூடாது. பிரிக்காமல் கொண்டுவந்தால் அன்றைய விலை அப்படியே கிடைக்கும், பிரித்தால் பழைய வெள்ளி என்று கழித்துத்தான் தருவார். தினமும் விலையைப் பார்க்க வேண்டும். விலை இறங்கினால் வாங்க வேண்டும், ஏறினால் விற்க வேண்டும். ஒச்சப்பன் இதைத் தாளம் போட்டு மனப்பாடம் செய்தான்.

ஊருக்கு வந்து ஐந்து நாணயத்தையும் கிழிந்த டிரம்முக்குள் போட்டு வைத்தார்கள். தினமும் விலையைப் பார்க்கிற பொறுப்பு சவரிமுத்துவுக்கு. அவனும் காலைப் பஸ்ஸில் டவுனுக்குப் போய், வெள்ளிக்கடைக்கு எதிரே உட்கார்ந்து, விலை ஓடுகிற பலகையைப் பார்த்துவிட்டு மாலைப் பஸ்ஸில் திரும்பினான். பஸ்ஸுக்கு ஆன செலவை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. பதின்மூன்றாம் நாள் குழந்தைவேலு பொறுக்க முடியாமல் விலை என்ன என்று கேட்டான்.

"பாத்தேன்," என்றான் சவரிமுத்து.

"பாத்த சரி, எவ்வளவு?"

"பாக்கத்தானே சொன்னாங்க. ஞாபகம் வச்சுக்கச் சொல்லலையே." சவரிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. வெயிலில் கண் கொட்டாமல் பார்த்தவனை இப்படிக் கேட்கலாமா என்று அவன் மாஸ்டரிடம் முறையிட்டான். சிவப்பு எழுத்து, வலப்பக்கமிருந்து இடப்பக்கம் போகிறது, நல்ல வெளிச்சம் என்ற வரையில் அவனிடமிருந்து தகவல் கிடைத்தது. மாஸ்டர் அவனைப் பாராட்டினார்.

இந்தச் சமயத்தில் ஒச்சப்பன் ஒரு செய்தி கொண்டுவந்தான். எங்கேயோ ஒரு ஊரில் ஈயத்துக்கு வெள்ளி முலாம் பூசி விற்றுவிட்டார்களாம். குழந்தைவேலு டிரம்மைக் கவிழ்த்து உலுக்கி ஐந்தையும் எடுத்து வரிசையாக வைத்தான். பார்வைக்கு வெள்ளிதான். ஈயத்துக்குப் பூசியிருந்தாலும் பார்வைக்கு வெள்ளியாகத்தானே இருக்கும்?

மற்றவர்கள் என்றால் ஆசாரியிடம் போயிருப்பார்கள். மாஸ்டர், நமக்குக் காது எதற்கு இருக்கிறது என்றார். வெள்ளி என்றால் கீழே போட்டதும் கணீர் என்று நாதம் வரும். ஈயம் பேசாது. முதல் நாணயத்தை உறையோடு கருங்கல்லில் போட்டார். தொப் என்றது. இரண்டாவதைப் போட்டார், அதுவும் தொப். ஐந்தும் தொப்.

குழந்தைவேலு தரையில் உட்கார்ந்துவிட்டான். "என் டிரம் போச்சு மாஸ்டர்," என்றான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

ஒன்றே ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மாஸ்டர் உறையைக் கிழித்து நாணயத்தைக் கல்லில் போட்டார். கணீர் என்றது. அப்படியே நீண்டு, இழைந்து, மெல்ல அடங்கியது. நாலு பேரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள்.

"உறைக்குள்ள ஈயம், வெளிய வந்தா வெள்ளி," என்றார் மாஸ்டர்.

"காத்து இல்லாமத் திணறிக் கிடந்திருக்கு," என்றான் சவரிமுத்து. ஒச்சப்பன் ஆமாம் என்றான்.

ஆனால் இந்த ஒன்று வெள்ளி என்பதால் அடுத்ததும் வெள்ளி என்று எப்படி நம்புவது? இரண்டாவதைப் பிரித்தார்கள். பிறகு மூன்றாவது, நாலாவது. எல்லாம் கணீர். ஐந்தாவதை மாஸ்டர் கையில் எடுத்தபோது குழந்தைவேலு பாய்ந்து பிடுங்கித் தன் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான். ஒன்றாவது சீலோடு இருக்கட்டும், கடைக்காரர் சொன்னதைக் கேட்ட மாதிரி இருக்கும் என்றான். மாஸ்டருக்கும் அது நியாயமாகப் பட்டது.

விஷயம் இதோடு நின்றிருந்தால் நஷ்டம் அதிகமில்லை. ஆனால் நாலு நாணயத்தையும் வரிசையாகப் போட்டுக் கேட்ட மாஸ்டரின் முகம் கோணியது. மூன்று ஒரே சுரம் பேசியது, ஒன்று அரைக்கால் இறங்கிப் பேசியது. நாற்பது வருடம் கிளாரினெட் வாசித்த காது, சும்மா விடுமா? சுருதி சேராத வெள்ளியை ஒரு கௌரவமான கடையில் எப்படி நீட்டுவது என்று அவர் கவலைப்பட்டார். கொல்லன் பட்டறையிலிருந்து ஒரு அரம் வாங்கிவரச் செய்து, அந்த நாணயத்தின் ஓரத்தை ராவினார்.

சுரம் ஏறியது. கொஞ்சம் அதிகமாகவே ஏறிவிட்டது. அதனால் மற்ற மூன்றையும் ராவ வேண்டியதாயிற்று. அதில் ஒன்று எல்லாவற்றையும் தாண்டிப் போய்விட்டது. அதை எட்டிப் பிடிக்க மற்ற மூன்றையும் மறுபடி ராவினார்கள். நாலு பேரும் முறை வைத்து, சோற்றுக்குக்கூட எழுந்திருக்காமல், ஆறு நாள் ராவினார்கள். உதிர்ந்த பொடியை மாஸ்டர் அவ்வப்போது உஃப் என்று ஊதித் தள்ளினார். தூசி இருந்தால் நாதம் சுத்தமாக வராது.

ஆறாம் நாள் நாலும் ஒன்று சேர்ந்தன. அப்படி ஒரு சுருதி. சவரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். நாணயம் ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்திருந்தது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது டவுனுக்குப் போனார்கள். இந்த முறை பலகையைக் குழந்தைவேலுவே பார்த்தான். வெள்ளி உண்மையிலேயே ஏறியிருந்தது. கடைக்காரர் நாலு பொத்தானையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு எடை போட்டார். நாலும் சேர்ந்து ஒரு நாணயத்தின் எடைகூட வரவில்லை.

"சுருதிக்குத் தனியா என்ன போடுவீங்க?" என்று மாஸ்டர் கேட்டார்.

சுருதி நாங்கள் எடுப்பதில்லை என்றார் கடைக்காரர். குழந்தைவேலு தலையைத் தொங்கப் போட்டான். கல்யாணத்துக்கு டிரம் வேண்டும் என்பதையும், ஐப்பசியிலிருந்து தனக்குப் பங்கே இல்லை என்பதையும் தட்டுத்தடுமாறிச் சொன்னான். கடைக்காரருக்கு இரக்கம் வந்துவிட்டது. சீல் பிரிக்காத ஐந்தாவதை வாங்கிப் பார்த்தார். ஏறிய விலைக்கு இதையும் நாலு பொத்தானையும் சேர்த்தால், வாத்தியக் கடை மூலையில் கிடக்கிற பழைய டிரம் ஒன்றை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். குழந்தைவேலுவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்து, நாணயத்தின் சீலை வெட்டி, தராசில் வைத்தார்.

மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"சீலைப் பிரிச்சுட்டீங்களே."

"வாங்கியாச்சுல்ல? இனி நான்தானே பிரிக்கணும்?"

"யார் பிரிச்சாலும் பிரிச்சது பிரிச்சதுதாங்க. கழிச்சுக்கிட்டுக் குடுங்க. உங்க பேச்சை நாங்க மீற மாட்டோம்."

தான் பிரித்ததால் கழிக்க வேண்டியதில்லை என்று கடைக்காரர் கால் மணி நேரம் எடுத்துச் சொன்னார். கழிக்காத பணத்தைத் தொடுவது துரோகம் என்று மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கடைசியில் கடைக்காரர் அலுத்துப்போய், கழித்து மீதியை மேஜைமேல் வைத்தார்.

ஒச்சப்பன் அந்தப் பணத்தையும் நாணயத்தையும் மாறிமாறிப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் முறையாக அவனாக ஒன்று யோசித்துச் சொன்னான்.

"மாஸ்டர், நம்ம கண்ணு முன்னாலயே விலை இறங்கிருச்சு."

"இறங்கினா?" என்றார் மாஸ்டர்.

மூன்று பேரும் ஒரே குரலில், "வாங்கணும்," என்றார்கள். குழந்தைவேலுவும் சேர்ந்துதான் சொன்னான். பாடம் பாடம்தானே.

பணத்தை அப்படியே திருப்பி நகர்த்தி, ஐந்தையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர்கள் வெளியே போகும்வரை அதை மாட்டவில்லை. இவ்வளவு மலிவாக வாங்கியது பற்றி நாலு பேரும் ஊர் வருகிறவரை பேசிக்கொண்டே வந்தார்கள்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று மில் முதலாளி வாசலில் நின்று பேண்டு செட்டை எண்ணினார். கிளாரினெட் வந்தது, டிரம்பெட் வந்தது, ஜால்ரா வந்தது. கடைசியில் சிவப்புக் கோட்டும் தங்க நிறப் பித்தானுமாகக் குழந்தைவேலு வந்தான். இரண்டு தோளிலும் அகலமான தோல் வார் மாட்டியிருந்தான். வார் முடிகிற இடத்தில், வயிற்றுக்கு நேரே, நூலில் கட்டிய இருபது கிராம் வெள்ளிக்காசு ஒன்று தொங்கியது. பாரம் தாங்குகிறவன் மாதிரி உடம்பைப் பின்னால் சாய்த்து, காலை அகட்டி வைத்து நடந்தான். நாலு மாதத்துக்குப் பிறகு வார் தோளில் ஏறிய சந்தோஷத்தில் அவன் கண் கலங்கியிருந்தது.

ஊர்வலம் கிளம்பியது. குழந்தைவேலு பெரிய கோலை ஓங்கி ஓங்கி வீசினான். ஒவ்வொரு வீச்சும் காசுக்கு இரண்டு விரல் முன்னால் நின்றது. காசில் அடி பட்டால் நசுங்கும், நசுங்கினால் விலை இறங்கும், இறங்கினால் மறுபடி வாங்க வேண்டும், கையில் பணம் கிடையாது என்று மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவன் ஒரு வீச்சைக்கூடத் தப்பவிடவில்லை. தாளம் அத்தனை சுத்தம்.

பாதித் தெரு வரை மில் முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு கூடவே நடந்தார். பிறகு பொறுக்க முடியாமல் மாஸ்டரின் தோளைத் தட்டினார்.

"ஏப்பா, டிரம் சத்தமே கேக்கலையே?"

மாஸ்டர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"வெள்ளி விலை ஏறட்டுங்க," என்றார். "அப்பக் கேக்கும்."