காத்தான் சொன்ன பதில்

வெள்ளைக்காரர் ஆட்சியில், இலங்கை மலைநாட்டு நீதிமன்றம் ஒன்றில் இந்த வழக்கு நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேயிலைக் கொட்டகை எரிந்து காவற்காரன் செத்துப்போனான். தோட்டத் தொழிலாளி காத்தான்தான் தீ வைத்தான் என்று வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தூக்கு, மறுத்தால் விசாரணை.

நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க அருளம்பலம் இருந்தார். கூட்டாமல் குறைக்காமல் சொல்வதாகச் சத்தியம் செய்தவர். முன்பு தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரும்கூட.

நீதிபதி ‘ப்ளீட்’ என்ற வினைச்சொல்லை வைத்துக் கேட்டார். பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த சொல் அது. வழக்காடுவதுதான் முதற்பொருள், கெஞ்சுவது பின்னால் ஒட்டிக்கொண்டது. நீதிமன்றத்தில் அது கேட்பது ஒன்றுதான்: குற்றத்தை ஏற்கிறாயா, மறுக்கிறாயா? அருளம்பலம் அப்படியே தமிழில் கேட்டார்.

காத்தான் கைகட்டிக் குனிந்தான்.

“தப்புத்தாங்க தொரை. மன்னிச்சிருங்க.”

அருளம்பலத்துக்குத் திக்கென்றது. கொழுந்து குறைந்தாலும், எவனோ கூடையை உடைத்தாலும், துரை முறைத்ததும் தோட்டத்தில் எல்லோரும் சொல்வது இதைத்தான். செய்யாதவனும் சொல்வான். சொல்லாவிட்டால் பிரம்படி.

இதை நீதிபதிக்கு விளக்கலாமா? முன்பொரு வழக்கில் விளக்கப்போய், இன்னொரு முறை வாய் நீண்டால் வேலை போகும் என்று எச்சரிக்கை வாங்கியிருந்தார்.

“என்ன காணும், வாயில கொழுக்கட்டையோ? சொல்லும்!” என்று பதிவாளர் பல்லைக் கடித்தார்.

அருளம்பலம் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தார்.

“சுயமாகத்தான் சொல்கிறானா, கேள்” என்றார் நீதிபதி.

கேட்டார்.

“ஆமாங்க தொரை.”

அதையும் மொழிபெயர்த்தார். தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது.

வாசலில் காத்தானின் மனைவி மாரியாயி அவரை மறித்தாள். “ஐயா, மன்னிச்சிட்டாங்களா?”

இப்போது நீங்கள் சொல்லுங்கள். காத்தான் பழக்கத்தில் பேசினான். நீதிபதி தம் காதுக்கு வந்ததை எழுதினார். அருளம்பலம் சத்தியம் தவறவில்லை. காத்தானின் கழுத்தில் கயிற்றை மாட்டியது இவர்களில் யார்?

விடை: அருளம்பலம். காத்தானுக்கு நீதிமன்றம் தெரியாது, நீதிபதிக்குத் தோட்டம் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் அவர் ஒருவரே. காத்தான் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டு, “இது ஒப்புதல் அல்ல, தோட்டத்து வழக்கம்” என்று தம் பொறுப்பில் தனியாகச் சொல்லியிருக்கலாம். சத்தியம் கெட்டிருக்காது, வேலைதான் போயிருக்கும். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் மாரியாயியை விலக்கிவிட்டு, அடுத்த வழக்குக்கு உள்ளே போய்விட்டார்.